குன்னூரில் ஒரு பாம்புக்குப் பத்தியம்

குன்னூரில் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு அன்றாடம் வருவது நாய், பூனை, எஸ்டேட் மாடுகள்தான். ஒரு நாள் வெலிங்டனிலிருந்து வந்த ஒரு அம்மா, "பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான் டாக்டர், இவளை நான்தான் பார்த்துக்கறேன்" என்று பெட்டியைத் திறந்தார். உள்ளே பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு, மேற்கு ஆப்பிரிக்க இனம். நம் ஊர் மலைப்பாம்பை வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது வெளிநாட்டு இனம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த காகிதமும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

தூக்கிப் பார்த்தேன். இந்தப் பாம்பின் முதுகு ஓட்டுக்கூரை மாதிரி நடுவில் லேசாக எழும்பி இரண்டு பக்கமும் சரிய வேண்டும். இவளுக்கு முதுகுத்தண்டு இருக்கும் இடத்தில் பள்ளம், வளையும்போது விலாவில் மடிப்பு, செதில்களுக்கு நடுவே இழுபட்டுத் தெரிந்த தோல். தராசில் 2,740 கிராம்.

வாரம் தவறாமல் ஒரு பெரிய எலியாம். "குளிர் ஊராச்சே, நாலு வாய் கூடச் சாப்பிட்டாத்தானே உடம்பு சூடா இருக்கும்?" என்றார். நமக்கு அது சரி. பாம்புக்குச் சூடு வெளியிலிருந்து வர வேண்டும், அது இருந்தால்தான் தின்ற எலியே செரிக்கும். அவ்வளவு பாசமாகப் போட்ட தீனியைத் தப்பு என்று சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்படியானால் பட்டினி போடவா என்று கேட்டார். கூடவே கூடாது, கொழுத்த பாம்பைத் திடீரென்று பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேரும் ஆபத்து உண்டு. எலியின் அளவைக் குறைத்து, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒன்று, அப்புறம் நான்கு வாரத்துக்கு ஒன்று என்று தள்ளினோம். பெரிய கூண்டு, ஏறி இறங்க ஒரு தடித்த கொய்யாக் கிளை, ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26.

நவம்பர் மழையில் எலி விழுங்கிய மறுநாளே கரண்ட் போய், ராத்திரி முழுக்க வரவில்லை. குளிரில் செரிக்காமல் கக்கிவிட்டாள். "நான் அவளைக் கொன்னுட்டேனா டாக்டர்?" என்று ஃபோனில் அழுதார். மழை பலமாக இருக்கும் நாளில் தீனி போடாதீர்கள் என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அது என் தவறு. இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துச் சின்ன எலியில் மறுபடி ஆரம்பித்தோம்.

இதையெல்லாம்விட அவருக்குப் பெரிய பாடு ராத்திரிதான். அவள் கண்ணாடியில் மூக்கை வைத்து நாக்கை நீட்டினால் பசி என்று நினைத்து மனசு கேட்காது. "சுத்திப் பார்க்கிறாள்மா, அவள் நடமாடணும்னுதானே கிளையே வெச்சோம்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன்.

பதினோரு மாதத்தில் 2,180 கிராம். முதுகைத் தடவிவிட்டு, "எலும்பு தட்டுப்படுதே, இளைச்சுட்டாளே" என்றார். அவர் விரலைப் பிடித்து அந்த மேட்டின்மேல் மெதுவாக ஓட்டிக் காட்டினேன். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே எலிக் கணக்கும் எழுதி வைத்திருந்தார். கிளம்பும்போது அதைப் புரட்டி, அடுத்த எலிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று அவரே சொன்னார்.