மார்க் ஈட்டன்: வளையத்தடியில் ஒரு சுவர்

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர். 7 அடி 4 அங்குல உயரம். முன்பு கார் மெக்கானிக். யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். அங்கே கூடைப்பந்து ஜாம்பவான் வில்ட் சேம்பர்லின் தந்த யோசனை அவர் ஆட்டத்தையே மாற்றியது: உயரம் குறைந்த, வேகமான கார்டு வீரர்களைத் துரத்தாமல் வளையத்தைக் காப்பது.

1984-85இல் யூட்டா ஜாஸ் அணிக்காக 456 பிளாக் (எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடுவது), ஆட்டத்துக்கு 5.56. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ-வில் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை! அவர் நிற்பதைப் பார்த்தே லேஅப்பை (வளையத்தருகே ஓடிவந்து போடும் ஷாட்) கைவிட்டவர்கள் கணக்கில் வரவில்லை. என் பார்வையில் அதுதான் பெரிய பங்களிப்பு.

அவரை வளையத்தடியிலிருந்து வெளியே இழுத்தால் சிக்கல். 1989 பிளேஆஃபில் (நாக்அவுட் சுற்று) பயிற்சியாளர் டான் நெல்சனின் கோல்டன் ஸ்டேட் அணி அதையே செய்தது: உயரம் குறைந்த, வேகமான அணியை இறக்கித் தொடரை 3-0 என வென்றது. 2001-02இல் வந்த தடுப்பாட்ட 3 விநாடி விதிப்படி, கைக்கெட்டும் தூரத்தில் யாரையும் காக்காமல் பெயின்டில் (வளையத்தடிப் பகுதி) 3 விநாடிக்கு மேல் நிற்க முடியாது. இன்றைய சென்டர்கள் (ஈட்டனைப் போல வளையத்தைக் காக்கும் உயரமான வீரர்கள்) உள்ளே வெளியே நகர்ந்துகொண்டே இருப்பது அதனால்தான்.