மைட்டோகாண்ட்ரியா அதிகம் என்பதற்காகக் கட்டிச் செல்லை நீக்கிவிடாதீர்கள்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் தைராய்டு கட்டிகளின் மைட்டோகாண்ட்ரிய மரபணு வெளிப்பாட்டைத்தான், அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள் எவ்வளவு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகின்றன என்பதைத்தான், பிராஜெக்டாக எடுத்தேன். இதே பக்கம் வருகிறவர்களுக்கு, எனக்கு இரண்டு வாரம் வீணான இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. தரவை (ஒவ்வொரு செல்லின் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியாக அளந்த தரவு) கையாளப் பழகும்போதே ஒரு விதி சொல்லித் தருவார்கள்: ஒரு செல்லின் ஆர்.என்.ஏ.வில் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு 5 அல்லது 10 சதவீதத்தைத் தாண்டினால் அது சாகிற செல், தரவிலிருந்து நீக்கிவிடு. நானும் நீக்கினேன். படம் சுத்தமாக வந்தது. கைடு பார்த்துவிட்டு, "கட்டி செல்லு எங்கம்மா?" என்றார். நோயெதிர்ப்புச் செல்கள் இருந்தன, ரத்தக்குழாய்ச் செல்கள் இருந்தன. கட்டியைத்தான் காணோம்.

அன்று மதியமே ஒரு ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். பெரிய பெரிய செல்கள், உள்ளெல்லாம் இளஞ்சிவப்பில் ரவை தூவினாற்போல. "இந்தப் பொடி அத்தனையும் மைட்டோகாண்ட்ரியா." ஆன்கோசைட்டிக் கட்டி அது. ஹர்த்தில் செல் கட்டி என்று பழைய புத்தகங்களில் இருக்கும். ஹர்த்தில் என்ற ஆய்வாளர் விவரித்தது வேறு செல் என்பதால் 2022 உலக சுகாதார நிறுவன வகைப்பாடு அந்தப் பெயரைக் கைவிட்டது. இந்தக் கட்டிகள் பலவற்றில் சுவாசச் சங்கிலியின் (ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் புரதத் தொடர்) முதல் கூட்டமைப்புக்கான மைட்டோகாண்ட்ரிய மரபணுக்கள் பழுதாகியிருக்கும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் செல் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குகிறது என்று கருதுகிறார்கள். 5 சதவீதக் கோட்டைப் போட்டால் முதலில் போவது இவைதான்.

அதனால் அந்தச் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். சாகிற செல்லில் தென்படும் உட்கரு மரபணுக்களின் எண்ணிக்கையும் சரிந்திருக்கும். கட்டிச் செல்லில் அவை நிறையவே தென்படும், தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் செய்கிற புரதம்) போன்ற தைராய்டு அடையாளமும் பெரும்பாலும் கிடைக்கும்.

மைட்டோகாண்ட்ரிய மரபணுக்களில் ஒன்றான என்டி6 குறைவாகத் தெரிந்தால் உடனே முடிவு எழுத வேண்டாம். அதன் ஆர்.என்.ஏ.வுக்குப் பாலி-ஏ வால், அதாவது நுனியில் வரிசையாக வரும் 'ஏ' எழுத்துகள், கிடையாது. வாலைப் பிடித்துச் சேகரிக்கும் முறையில் அது நழுவிப்போகும். மரபணு மாற்றம் தேடுகிறீர்கள் என்றால் அதே நோயாளியின் ரத்தமோ இயல்பான திசுவோ கட்டாயம் வேண்டும். தாய்வழி வந்த வேறுபாடு எது, கட்டியில் புதிதாக வந்தது எது என்று வேறெப்படிப் பிரிப்பீர்கள்?

வைவாவுக்கு மனிதரின் வட்டமான மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வின் கணக்கு: 16,569 காரஇணைகள், 37 மரபணுக்கள், அதில் 13 புரதத்துக்கு, 22 கடத்தி ஆர்.என்.ஏ.வுக்கு, 2 ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கு. வட்டத்தைக் கையால் வரைந்து பழகினால் மறக்காது.

என்னிடம் தேர்வாளர் கேட்ட கடைசிக் கேள்வி: "ஆர்.என்.ஏ. கூடியிருக்கே, அப்போ செல்லு நல்லா சுவாசிக்குதுன்னு அர்த்தமா?" இல்லை என்றேன். பழுதான மரபணுவும் ஏராளமாகப் படியெடுக்கப்படலாம், அதிலிருந்து வேலை செய்கிற புரதம் வர வேண்டுமே. ஆக்சிஜன் நுகர்வைத் தனியாக அளந்தால்தான் தெரியும் என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.