ராத்திரி பத்து மணிக்கு மேல மேட்ரிக்ஸ்

காலேஜ்ல மேட்ரிக்ஸ்னாலே எனக்கு அலர்ஜி, மனப்பாடம் பண்ணி எப்படியோ பாஸ் ஆன கேஸு நான், இப்ப நாப்பது தாண்டி தினமும் சாப்பிட்டதும் போனைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போய் அதே மேட்ரிக்ஸ் வர்ற லீனியர் அல்ஜீப்ரா பாடம் பாக்குறேன்னா வீட்ல சிரிக்கத்தானே செய்வாங்க. அமெரிக்காவுல இருக்குற எம்ஐடி தன் பாடங்களை நெட்ல ஃப்ரீயா போடுற ஓப்பன்கோர்ஸ்வேர்ல இருக்குற, கில்பர்ட் ஸ்ட்ராங்ங்குற புரொபசரோட கிளாஸ். சாக்பீஸு, போர்டு, அவ்ளோதான்.

முதல் கிளாஸ்லயே ரெண்டு சமன்பாடு எழுதுறாரு: 2x - y = 0, -x + 2y = 3. கோடு போட்டா (1, 2)ல வெட்டிக்கும், இது நமக்கும் தெரிஞ்சதுதான். அப்புறம் அதையே நெடுக்குவாக்குல, x பக்கத்துல இருக்குற எண்கள் தனியா, y பக்கத்துல இருக்குறது தனியான்னு பிரிச்சு, (2, -1)ஐ ஒரு தடவை, (-1, 2)ஐ ரெண்டு தடவை எடுத்துக் கூட்டுனா (0, 3) வருது பாருங்கன்னு அம்புக்குறி போட்டுக் காட்டுறாரு. அட, இதுக்குத்தானா அந்தப் பாடம்! எங்களுக்கு ஒருத்தரும் இதைச் சொல்லவே இல்லயே.

ஓப்பன்கோர்ஸ்வேர் 2001ல அறிவிச்ச திட்டம். லாகின் கிடையாது, பீஸ் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. சர்டிபிகேட் வேணும்னா நம்மூர் என்பிடெல் இருக்கு, ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேந்து ஆரம்பிச்சது, பாடம் ஃப்ரீ, எக்ஸாம் எழுதத்தான் பணம்.

ஸ்ட்ராங் மனுஷன் 2023ல, 88 வயசுலதான் கடைசி கிளாஸ் எடுத்தாராம்.

நான் இன்னும் ஆறாவது லெக்சர்லயே நிக்குறேன். கணக்கு போட்டுப் பாக்காம அடுத்ததுக்குப் போகக்கூடாதுன்னு நானே ஒரு ரூல் வச்சுத் தொலைச்சேன், அதான்.