பேஸ்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால்

பழைய பைக்கில் ஆக்ஸலரேட்டரை விட்டதும் சைலன்சர் டப் டப்பென்று வெடித்தால் எல்லோரும் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டும், அதிலிருந்து புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகிற பெண்ட் பைப்பும் சேருகிற இடத்தை அதற்கு முன்னால் பாருங்கள். புகை ஒரே சீராக வெளியேறுவதில்லை, துடிப்பு துடிப்பாகப் போகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் இடுக்கு வழியாக காற்று உள்ளே புகுந்து, எரியாமல் மிச்சமான பெட்ரோலோடு சேர்ந்து பைப்பிலேயே வெடிக்கிறது. கசிவு என்றால் புகை வெளியே வருவது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

கண்டுபிடிப்பது சுலபம். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வண்டி ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஒரு கனமான துணியால் கொஞ்ச நேரம் பாதி அடைத்தால், ஓட்டை இருக்கிற இடம் உஸ்ஸென்று காட்டிக்கொடுக்கும். இதைத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், மூடிய கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

சரி, ஓட்டை தெரிந்துவிட்டது, உடனே அதைப் பூசி அடைக்க ஆளுக்கொரு பேஸ்ட்டைச் சிபாரிசு செய்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சூடு தாங்கும் சிலிகான் என்று விற்பவை பெரும்பாலும் 300 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் தாங்கும். ஹெட்டை விட்டு வெளியே வருகிற புகையோ நல்ல ஓட்டத்தில் 600 டிகிரியைத் தாண்டும், அங்கே சிலிகான் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். சோடியம் சிலிகேட் கலந்த சிமெண்ட் வகை சூட்டைத் தாங்கும், ஆனால் கல்லாக இறுகுவதால் அதிர்வில் விரிசல் விடும். அதாவது ஆடுகிற இணைப்பில் எதைப் பூசினாலும் நிற்காது. ஏன் ஆடுகிறது என்பதுதான் கேள்வி.

என் பார்வையில் பெரும்பாலும் பதில் பின்னால், சைலன்சர் பிராக்கெட்டில் இருக்கிறது. எல்லா நட்டையும் தளர்த்திவிட்டு பெண்ட் பைப்பை ஹெட்டில் உட்கார வையுங்கள். கையை எடுத்ததும் தானாகவே நேராக நிற்கிறதா? பின்பக்க போல்ட் ஓட்டைக்கு நேராக வர பைப்பை நெம்ப வேண்டியிருக்கிறதா? நெம்ப வேண்டும் என்றால் அந்த இழுவை முழுவதையும் ஹெட் இணைப்புதான் ஓடும் நேரமெல்லாம் சுமந்துகொண்டிருக்கிறது. பிராக்கெட்டில் ஒரு வாஷர் போடுங்கள், அல்லது ஓட்டையைக் கொஞ்சம் ராவி நீளமாக்குங்கள். மாட்டும்போது முதலில் எல்லாவற்றையும் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, அப்புறம் ஹெட்டில் தொடங்கிப் பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வர வேண்டும். பைப்பைப் பிடிக்கிற தகடான பிளேஞ்ச், ஹெட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு ஸ்டட்டில் (மரை போட்ட தண்டு) மாட்டுகிற வகை என்றால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று இறுக்குங்கள்.

ஹெட்டுக்கும் பைப்புக்கும் நடுவே இடுக்கை அடைக்கிற கேஸ்கெட் செம்பு வளையமாக இருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போயிருக்கும், மங்கலான வெளிச்சத்தில் லேசாகச் சிவக்கும்வரை சூடாக்கினால் மறுபடி மெத்தென்று ஆகும். தண்ணீரில் போட்டாலும் சரி, அப்படியே ஆறவிட்டாலும் சரி, எஃகு மாதிரி இதற்கு வித்தியாசம் கிடையாது. மேலே படிந்த கறுப்பைத் தேய்த்துவிட்டுப் போடுங்கள். அதற்கு முன் ஹெட் துவாரத்துக்குள் ஒரு ஊசிமுனையால் சுற்றிக் கீறிப் பாருங்கள், பழைய வளையம் கரி மூடி ஹெட்டின் ஒரு பகுதி மாதிரியே உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் புதியதைப் போட்டு இறுக்கினால் எப்படி அடைக்கும்? பழைய கேஸ்கெட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு என்பதால் உலர்வாகச் சுரண்டாதீர்கள், நனைத்துவிட்டு எடுங்கள், காற்றடிக்கவே வேண்டாம்.

ஸ்டட் இல்லாமல் பெரிய மரை வளையம் போட்டு முடுக்குகிற வண்டிகள் தனி ரகம். 1967 முதல் 1977 வரை வந்த நார்ட்டன் கமாண்டோ என்ற பிரிட்டிஷ் பைக் இதற்குப் பேர்போனது. அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும், அதனால் அலுமினிய ஹெட் சூடேறினால் எஃகு வளையத்தின் பிடி தளரும், தளர்ந்தது அதிர்ந்து அதிர்ந்து மரையையே தின்றுவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, அதற்கென்று உள்ள ஸ்பேனரால் இறுக்குங்கள். உளியும் சுத்தியும் கொண்டு தட்டுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மரை போய்விட்டால் லேத்தில் குடைந்து புது மரை வளையம் பதிப்பதுதான் வழி.

பைப்புக்குள் பைப் நுழைகிற சைலன்சர் இணைப்பில்தான் பேஸ்ட்டுக்கு உண்மையான வேலை. லொடலொடவென்று இருந்தால் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, துளி பேஸ்ட் தடவி, கிளாம்பை முடுக்குங்கள். முரட்டுத்தனமாக முடுக்கினால் பைப் நசுங்கி வட்டம் போய்விடும், அப்புறம் எந்தக் காலத்திலும் அடைக்காது. சிமெண்ட் வகை என்றால் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு, இரவு முழுக்கத் தொடாமல் விட வேண்டும். சில ஓட்டங்களுக்குப் பிறகு எல்லா நட்டையும் இன்னொரு தரம் பார்த்துவிடுங்கள். அப்போதும் சைலன்சர் இணைப்பில் மட்டும் நூல் மாதிரி ஒரு கரிக்கோடு தெரிந்தால் அதைக் கிளறாமல் விட்டுவிடலாம், அந்த இடத்தை நாளடைவில் கரியே அடைத்துக்கொள்ளும்.