வேம் போட்ட புங்கன் கன்னு, இதுவரைக்கும்

திருவொத்தியூர் மணல்ல மரம் வச்சவங்களுக்கு தெரியும், கன்னு சாகாது ஆனா வளரவும் வளராது, நட்டப்போ இருந்த மாதிரியே நிக்கும். அதான் மொட்டை மாடில புங்கன் விதை ஊனி வேம் போட்டு பாக்குறேன். வேம்னா (VAM) வேர்லயே ஒட்டி வாழ்ற பூஞ்சை, வெர்மிகுலைட்னு லேசான ஒரு கனிமப் பொடில கலந்து விக்கறாங்க.

பாதி கவர்ல நம்ம ஏரியா மணலும் கொஞ்சம் செம்மண்ணும் மட்டும், மீதில மாட்டெரு, டிஏபி (பாஸ்பரஸ் உரம்) எல்லாம் போட்ட பணக்கார மண்ணு. ரெண்டுலயும் பாதிக்குதான் வேம். மேல தூவுனா வேஸ்ட், வேர் போய் தொடணும், அதனால விதைக்கு ரெண்டு விரக்கடை கீழ ஒரு ஸ்பூன் வச்சேன். பக்கத்து வீட்டு அண்ணன் பாத்துட்டு "இன்னா தம்பி, பூஞ்சைக்கு ஊரே மருந்து அடிக்குது, நீ காசு குடுத்து வாங்கி போடுறியே"ன்னார். மருந்துன்னதும் ஞாபகம் வருது, வேம் போட்ட மண்ணுல கார்பென்டசிம் ஊத்தாதீங்க, இதையும் சேத்து அடிச்சிடும்.

ஆரம்பத்துல மணல் கவர்ல வேம் போட்டதுதான் குட்டையா இருந்துச்சு, பூஞ்சைக்கு முதல்ல சர்க்கரை குடுக்கறது செடிதானே. நாலஞ்சு இலை விட்டப்புறம் அது தாண்டிடுச்சு, இலையும் நல்ல கரும்பச்சை, வேர் முடிச்சும் அதிகம். பாஸ்பரஸ் மண்ணுல லேசுல நகராது, வேர் பக்கத்துல இருக்கறதை உறிஞ்சிட்டா காலி, பூஞ்சை இழை வேர்த்தூவியை விட மெல்லிசு, வேர் போவாத சந்துலலாம் பூந்து எடுத்துட்டு வரும். பணக்கார மண்ணுல ஒரு வித்தியாசமும் இல்ல, டிஏபி தாராளமா இருந்தா செடி பூஞ்சையை அவ்வளவா கிட்ட சேக்காது.

பாட்டனி படிக்கிற அக்கா பொண்ணு லேப்ல வேரை பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல வேகவச்சு, வினிகர்ல பேனா இங்க் கலந்து சாயம் ஏத்துச்சு. 1998ல வந்த முறையாம், செலவே இல்ல. மைக்ரோஸ்கோப்ல மணல் செட்டு வேர் ஃபுல்லா நீல இழையும் உருண்டை உருண்டையா பையும், டிஏபி செட்டுல தேடித்தான் கண்டுபிடிக்கணும். ஆனா வேமே போடாத மணல் கன்னுலயும் கொஞ்சம் இருந்துச்சு! செம்மண்ணோட வந்திருக்கும்.

அப்போ காசு குடுத்து வாங்கணுமான்னு ஒரு டவுட்டு. அடுத்த ரவுண்டு பழைய புங்க மரத்தடி மண்ணு ஒரு புடிக்கும் இந்த பொடிக்கும்தான் போட்டி. மிச்ச பொடியை அம்மா சிறுகீரை தொட்டில போட கேட்டாங்க, சிறுகீரை, முள்ளங்கிலாம் இந்த பூஞ்சையோட பெருசா சேராதுமான்னு சொல்லி பூவரசுக்கு எடுத்து வச்சிருக்கேன்.