ஜாடிக்குள் இருப்பது ரோகுவா மிர்காலா: விலங்கியல் பிராக்டிகலுக்குப் போகிறவர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. தியரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிராக்டிகலில் மார்க்கைத் தின்றது ஒரே ஒரு ஸ்பாட்டர், அதாவது பார்த்துப் பெயர் எழுதச் சொல்லி வைக்கிற மாதிரி: மிர்கால் கெண்டையை ரோகு கெண்டை என்று எழுதிக் கொடுத்தது. அந்தக் கடுப்பு ஆறும் முன்பே எழுதுவதால் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். ரெக்கார்டு, மவுண்டிங் பற்றியெல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்வார்கள். இது கெண்டைகளுக்கு மட்டும்.

முதல் எதிரி ஜாடிதான். உருண்டைக் கண்ணாடி ஜாடியில் திரவம் நிரம்பினால் அது பூதக்கண்ணாடி வேலையைப் பார்க்கும். ஆனால் பக்கவாட்டில் மட்டும்தான் பெரிதாக்கும், மேலும் கீழுமாக இல்லை. மீனையோ தலை மேலே வால் கீழே என்று நிறுத்தி வைத்திருப்பார்கள். நீளம் அப்படியே இருக்க, உடம்பு மட்டும் பருத்துத் தெரியும். ஒல்லியான மிர்கால் ரோகு மாதிரி நிற்கும், ரோகு கட்லா மாதிரி நிற்கும். ஆகவே 'உடம்பு அகலம்' என்று கைடில் எழுதியிருப்பதை ஜாடி முன்னால் மறந்துவிடுங்கள். நிறமும் உதவாது. ஏரியில் பிடித்த ரோகுவின் செதிலில் தெரியும் செம்மை, மீன் கெடாமலிருக்க ஜாடியில் ஊற்றும் ஃபார்மலினில் வெளிறிவிடும். நாள்பட்டால் எல்லாமே ஒரே பழுப்பு.

மிச்சம் இருப்பது வாய். என்னைக் கேட்டால் முக்கால் பங்கு பதில் அங்கேயே இருக்கிறது.

கட்லா: தலை பெரிது, வாய் மேல்நோக்கித் திறக்கும், கீழ்த்தாடை முன்னுக்குத் தள்ளியிருக்கும், மீசை கிடையாது.

ரோகு: வாய் சற்றுக் கீழே. உதடு தடித்து, ஓரம் குஞ்சம் வைத்த மாதிரி இருக்கும். மேல்தாடையில் ஒரு ஜோடி சிறு மீசை. பாதிப் பேர் 'மீசை இல்லை' என்று எழுதுவது இங்கேதான். அது வாயோரப் பள்ளத்துக்குள் மடங்கிக் கிடக்கும். டிரேயில் வைத்திருந்தால் முனை மழுங்கிய ஊசியால் அந்த மடிப்பை மெதுவாக ஒதுக்குங்கள், நூல்முனை மாதிரி எட்டிப் பார்க்கும். வாயைப் பிளக்காதீர்கள். ஃபார்மலினில் விறைத்த தாடை கிழிந்துவிடும், பிறகு லேப் உதவியாளர் முகத்தில் விழிக்க முடியாது.

மிர்கால்: வாய் அகலம், குறுக்குவாட்டில் கோடு கிழித்தது போல. உதடு மெல்லிசு, குஞ்சம் இல்லை. கீழ் உதடு இருப்பதே தெரியாது. மீசை ஒரு ஜோடிதான், ஆனால் வாயோரத்தில் இல்லை, மூக்கு முனைப் பக்கம். ஜாடியாக இருந்தால் பக்கத்திலிருந்து பார்ப்பதை விட்டுவிட்டு, குனிந்து மீனின் முகத்துக்கு நேராகப் பாருங்கள். குஞ்சம் இருந்தால் ரோகு, வழவழவென்று இருந்தால் மிர்கால்.

உடம்பின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் நோக்கி ஓடும் பக்கக்கோட்டுச் செதிலை எண்ணி இந்த மூன்றையும் பிரிக்கலாம் என்று உட்காராதீர்கள். மூன்றுக்கும் 40-ஐ ஒட்டித்தான் வரும். மணி அடித்துவிடுவார்கள்.

எண்ணிக்கை உதவுவது வெள்ளிக் கெண்டைக்கு. அதற்கும் வாய் மேல்நோக்கி, அதற்கும் மீசை இல்லை, கட்லா என்று எழுதத் தோன்றும். செதிலைப் பாருங்கள்: பொடிப்பொடியாக, பக்கக்கோட்டில் 100-க்கு மேல். கண் தலையின் கீழ்ப்பாதியில் இறங்கி இருக்கும். தொண்டையிலிருந்து மலப்புழை வரை வயிறு கத்தி விளிம்பு போலக் கூராக இருக்கும். அந்த விளிம்பு வயிற்றுத் துடுப்புக்குப் பின்னால்தான் தொடங்குகிறது என்றால் அது பெருந்தலைக் கெண்டை.

மற்றவை சுருக்கமாக:
- சாதாக் கெண்டை: மீசை இரண்டு ஜோடி, முதுகுத் துடுப்பு நீளம். துடுப்பின் முன்முள்ளைப் பின்பக்கமாகத் தடவினால் ரம்பப் பல் தட்டும்.
- கருப்பு ரோகு எனும் கல்பாசு: இதற்கும் மீசை இரண்டு ஜோடி. ஆனால் உதட்டில் குஞ்சம் உண்டு, ரம்ப முள் கிடையாது.
- புல் கெண்டை: உருளை உடம்பு, முதுகுத் துடுப்பு குட்டை, மீசை இல்லை. மிர்கால் என்று ஏமாறலாம், ஆனால் வாய் நுனியிலேயே இருக்கும்.
- ஜிலேபி: பக்கக்கோடு நடுவில் அறுந்து இரண்டு துண்டாக ஓடும். இதைத் தப்பாக எழுதினால் என்ன சொல்வது.

படம் பார்த்து இதெல்லாம் பதியாது. வேலூர் மீன் மார்க்கெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் நிற்கவே முடியாது. வாரநாளில் காலையிலேயே போய், "அக்கா, செதில் எடுக்கறதுக்கு முன்னாடி வாயை மட்டும் பார்த்துக்கறேன்" என்று கேளுங்கள். "எல்லாம் ஏரி கெண்டைதாம்பா, இன்னா பார்க்கப்போற" என்பார்கள், ஆனால் காட்டுவார்கள். அரைக் கிலோ ரோகு ஒன்றும் மிர்கால் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உதட்டில் விரல் ஓட்டினால் போதும். காவேரிப்பாக்கம், மோர்தானா பக்கத்து ஆட்களுக்கு இந்தச் செலவும் இல்லை, வலை கரையேறும் நேரத்துக்குப் போய் நின்றால் சரி. தூண்டில் போடுகிறவர்களுக்கு இன்னொரு துப்பு: கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுநீரில், மிர்கால் தரையில். வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தீனி. வைவாவிலும் (வாய்மொழித் தேர்வு) இதைக் கேட்பார்கள். மூன்றையும் சேர்த்து வளர்க்கும்போது 4:3:3 என்று விடுவது இந்தக் கணக்கில்தான்.

வைவாவுக்கு இன்னும் சில:
- இந்த மூன்றும் வடநாட்டு ஆற்று மீன்கள். தேங்கிய குளத்தில் தானாக முட்டையிடாது. 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் விஞ்ஞானி ஹீராலால் சவுத்ரி குழுவினர் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமானது அதனால்தான்.
- சாதாக் கெண்டை குளத்திலேயே முட்டையிடும், முட்டை செடியில் ஒட்டும். மற்ற மூன்றின் முட்டை ஒட்டாது.
- வெள்ளிக் கெண்டை ஜப்பானிலிருந்தும், புல் கெண்டை ஹாங்காங்கிலிருந்தும் வந்தது 1959-ல்.

அறிவியல் பெயர் எழுதும்போது பேரினப் பெயரின் முதல் எழுத்து பெரிதாக, சிற்றினம் சிறிதாக, இரண்டுக்கும் தனித்தனி அடிக்கோடு. ஒரே கோடாக இழுத்தால் சிலர் அரை மார்க் வெட்டுகிறார்கள். கட்லாவுக்குப் பழைய புத்தகத்தில் கட்லா கட்லா, புதியதில் லேபியோ கட்லா. உங்கள் ரெக்கார்டில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள், வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினரும் முதலில் புரட்டுவது அதைத்தான்.