பால் நிறத்தில் இறங்கிய மருந்து

மார்பகப் புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்கும் பரவியிருப்பது உறுதியான பின், பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்குப் போய், அங்குள்ள ஒரு மருத்துவமனையில் பக்லிடாக்சல் என்ற கீமோதெரபி மருந்தை ஏற்றிக்கொள்ளத் தொடங்கினேன். சொட்டு இறங்கிய சில நிமிடங்களிலேயே முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, மூச்சுத் திணறியது. தாதி ஓடி வந்து குழாயை மூடினார்.

மருந்தே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்று கலங்கிப்போனேன். பக்லிடாக்சல் நீரில் கரையாதது என்பதால், ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படும் கிரெமோஃபோர் என்ற கரைப்பானையும் எத்தனாலையும் சேர்த்தே அதைத் தருகிறார்கள் என்றும், இத்தகைய ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் அந்தக் கரைப்பானே காரணம் என்றும் மருத்துவர் விளக்கினார். அதே மருந்தை, நம் இரத்தத்தில் இயல்பாகவே உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு பிணைத்து, சுமார் 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கிய வடிவமும் உண்டு. அமெரிக்காவில் 2005-இல் அங்கீகாரம் பெற்ற அப்ராக்ஸேன் அதுதான்.

விலை மிக அதிகம். காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதத்துக்காக இரண்டு வாரம் காத்திருந்தோம். நோயைவிட அந்த இரண்டு வாரமே என் கணவரை அதிகம் வாட்டியது.

உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம் என்பது அளவு. என் உடற்பரப்பு 1.5 சதுர மீட்டர் என்பதால் 390 மில்லிகிராம், அதாவது நான்கு குப்பிகள் தேவைப்பட்டன. குப்பியில் இருப்பது உலர்ந்த தூள்; அதில் உப்புநீரை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல், கண்ணாடிச் சுவரை ஒட்டி மெல்ல இறக்கி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு மெதுவாகச் சுழற்றிக் கலக்க வேண்டுமாம். “குலுக்கினால் நுரைத்துவிடும், அக்கா” என்றார் மருந்தாளுநராக இருந்த தமிழ்ப் பெண். அதில் உள்ள அல்புமின், மனிதர்கள் தானமாகக் கொடுத்த குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது என்பதையும் அவரே சொன்னார். முகம் தெரியாத அவர்களை நினைத்து நான் கைகூப்பினேன்.

முன்பு தெளிந்த நீராக இருந்த பையில் இம்முறை நீர்த்த பால் போன்ற வெண்மை. வழக்கமாக இதற்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு தர வேண்டியதில்லை என்றாலும், எனக்கு ஏற்கெனவே ஒவ்வாமை கண்டிருந்ததால் முதல் முறை அதையும் கொடுத்து, தாதி அருகிலேயே நின்றார். மூன்று மணி நேரம் ஏற வேண்டியிருந்த மருந்து அரை மணி நேரத்தில் முடிந்தது. மூச்சு சீராகவே இருந்தது.

ஆனால் கரைப்பான் போனதால் பக்லிடாக்சலின் குணம் மாறிவிடவில்லை. முடி முழுவதும் கொட்டியது. வெள்ளணுக்கள் குறைந்ததால் ஒரு சுற்று ஒரு வாரம் தள்ளிப்போனது. நான்காம் சுற்றுக்குப் பின் விரல் நுனிகள் மரத்து, தண்ணீர்மலை முருகனுக்கு மல்லிகை கட்ட உட்கார்ந்தால், நூல் விரலில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பொறுத்துக்கொள்ளலாம் என்று மறைத்து வைத்திருந்ததை, சட்டைப் பொத்தானைப் போட முடியாத நாளில்தான் மருத்துவரிடம் சொன்னேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும். மரமரப்புத் தணியும்வரை நிறுத்திவைத்து, பின்பு அளவைச் சதுர மீட்டருக்கு 220 மில்லிகிராமாகக் குறைத்துத் தொடர்ந்தார்கள். இப்போது பூ கட்டுகிறேன், மெதுவாக.